முனைவர் பட்டத்திற்குப் பின் பல்கலைக்கழகமா, வளர்ச்சி நிறுவனமா? அரசியல் பொருளாதாரத் துறையினரிடம் ஒரு கேள்வி

கேள்வி: இறுதியாண்டு ஆய்வாளர்

வணக்கம். பன்னாட்டு வளர்ச்சியின் அரசியல் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வின் இறுதியாண்டில் இருக்கிறேன். கடன் வழங்கும் நிறுவனங்களின் நிபந்தனையாகத் தொடங்கப்படும் மின்கட்டணச் சீர்திருத்தங்கள் ஏன் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்பதே என் ஆய்வுப் பொருள். அமைச்சக அதிகாரிகள், மின்வாரியப் பொறியாளர்கள், தொழிற்சங்கத்தினர் எனப் பலரிடம் எடுத்த நீண்ட நேர்காணல்களே ஆய்வின் முதுகெலும்பு.

இப்போது எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்துள்ளன. ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுமுனைவர் ஆய்வுப்பணி. அது நீட்டிக்கப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மற்றொன்று, ஒரு பன்னாட்டு வளர்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் இரண்டாண்டு ஒப்பந்தம். ஊதியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டாவதை ஏற்றால் கல்விப்புலத்திற்குத் திரும்புவது அரிது என்று என் நெறியாளர் சொல்கிறார். நான் நெடுங்காலத்திற்குக் கல்விப்புலத்தில் இருக்கவே விரும்புகிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நான் எந்தத் துறையைச் சேர்ந்தவன் என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. என் ஆய்வை முன்வைக்கும்போது பொருளியல் துறையினர் காரண விளைவை எப்படி நிறுவினீர்கள் என்று கேட்கிறார்கள்; அரசியல் அறிவியல் துறையினர் இதில் உங்கள் கோட்பாடு எது என்கிறார்கள்; வளர்ச்சியியல் துறையினரோ இதனால் கொள்கை வகுப்போருக்கு என்ன பயன் என்கிறார்கள். மூவருக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லிச் சொல்லி, எது என் சொந்தப் பதில் என்பது எனக்கே மறந்துவிட்டது. இத்துறையில் நீண்ட காலம் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நெடுங்கணக்கு

இத்துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து வருகிறேன். பணித்தேர்வுக் குழுக்கள் சிலவற்றிலும் இருந்திருக்கிறேன். உங்கள் நெறியாளரின் எச்சரிக்கை பொருளியல் துறைகளைப் பொறுத்தவரை பெருமளவு சரி. வளர்ச்சியியல் துறைகளைப் பொறுத்தவரை அது பாதிகூடச் சரியில்லை. அங்கே பேராசிரியர்களாக இருப்பவர்களில் கணிசமானோர் எப்போதோ ஒரு காலத்தில் அமைச்சகத்திலோ, ஐக்கிய நாடுகள் அமைப்பிலோ, உலக வங்கியிலோ நாற்காலி போட்டு உட்கார்ந்து வந்தவர்கள்தாம்.

வளர்ச்சிப் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்திய வங்கியில், போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்டெடுப்பதற்கான மார்ஷல் திட்டம் தொடர்பான பணியில் இருந்த அவர், 1952இல் உலக வங்கியின் பரிந்துரையின் பேரில் கொலம்பியாவின் தேசியத் திட்டக் குழுவிற்குப் பொருளாதார ஆலோசகராகச் சென்றார். அங்கே ஒட்டுமொத்தத் திட்டமிடலைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் முற்றவே, இரண்டு ஆண்டுகளில் அந்தப் பதவியை விட்டு விலகினார். விலகியவர் ஊர் திரும்பிவிடவில்லை. 1956 வரை பொகோட்டாவிலேயே தனி ஆலோசகராகத் தொழில் நடத்தி, தனியார் நிறுவனங்களும் பொது நிறுவனங்களும் முதலீட்டு முடிவுகளை உண்மையில் எப்படி எடுக்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தார். அதன் பிறகே யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 41. எல்லாத் தொழில்துறைகளையும் ஒருசேர வளர்க்க வேண்டும் என்று அன்று கோலோச்சிய சமச்சீர் வளர்ச்சிக் கருத்தை அவர் 1958இல் மறுத்து எழுதினார் என்றால், அதற்கான சரக்கு அந்த நான்கு ஆண்டுகளில் சேர்ந்தது. நூலகத்தில் மட்டும் இருந்திருந்தால் அந்த மறுப்பு அத்தனை கூர்மையாக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

உங்கள் ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானவர் அரசியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் வேட். தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தில் பொறியாளர்களின் பணியிட மாற்றங்கள் எப்படி விலைக்கு விற்கப்படுகின்றன, அந்தப் பணம் கீழிருந்து மேலாக எப்படி நகர்கிறது என்று அவர் 1982இல் எழுதிய கட்டுரையை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கிறோம். பிறகு தைவானில் களப்பணி செய்தார். 1984 முதல் 1988 வரை உலக வங்கியில் பணியாற்றினார். கிழக்காசிய நாடுகளின் தொழில்மயமாதலில் அரசு சந்தையை வழிநடத்திய விதத்தைப் பற்றிய அவருடைய நூல் 1990இல் வெளிவந்தது. 1996இல், கிழக்காசிய வெற்றியைப் பற்றி உலக வங்கி 1993இல் வெளியிட்ட அறிக்கை உருவான கதையையே ஆய்வுப் பொருளாக்கினார். அரசின் பங்கைக் கூடுதலாக ஏற்க வேண்டும் என்று ஜப்பான் அழுத்தம் கொடுத்ததையும், அந்த அழுத்தத்தை உள்வாங்கியது போலக் காட்டிக்கொண்டே அறிக்கை பழைய நிலைப்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டதையும் அவர் படிப்படியாக விவரித்திருப்பார். அந்த நிறுவனத்தில் வரைவுகள் எத்தனை கைகள் மாறுகின்றன என்பதை உள்ளிருந்து அறிந்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

இருவருமே வெளியே போய்த் திரும்பும்போது, தங்களை வேலைக்கு வைத்த நிறுவனம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள முடியாத ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார்கள். பணித்தேர்வுக் குழுவில் உட்காரும்போது நான் தேடுவது அதைத்தான். பத்து மதிப்பீட்டு அறிக்கைகளில் பெயர் இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. அந்தப் பத்தையும் எழுதியதால் மட்டுமே எழுந்த ஒரு கேள்வி இருக்கிறதா என்று பார்ப்போம்.

நடைமுறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுச் சேருங்கள். மீதமுள்ள இரண்டு இயல்களை மாலை நேரங்களில் முடித்துவிடலாம் என்று நம்பிப் போனவர்களில் முடித்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

பதில்: இரண்டாம் மதிப்பீட்டாளர்

ஆய்விதழ்களின் இரண்டாம் மதிப்பீட்டாளர் என்றாலே எதையும் மறுப்பவர் என்று ஒரு கேலி உண்டு; பெயருக்கேற்றபடி மறுத்துத்தான் ஆக வேண்டும். நெடுங்கணக்கு அவர்கள் கரையேறியவர்களின் கதையைச் சொல்கிறார். ஆற்றோடு போனவர்களின் கதையை எழுதிவைக்க ஆளில்லை. ஹிர்ஷ்மன் திரும்பிவந்த காலத்தில் பல்கலைக்கழகங்கள் விரிந்துகொண்டிருந்தன. ஹேக் நகரின் சமூக ஆய்வு நிறுவனம் 1952இலும், சசெக்ஸின் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 1966இலும் தொடங்கப்பட்டன. காலனிகள் விடுதலை பெற்று வந்த காலம் அது. வளர்ச்சியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பல இடங்களில் நாற்காலிகள் காத்திருந்தன.

இன்றைய நிலைமை நேர்மாறானது. பிரிட்டனின் பன்னாட்டு வளர்ச்சித் துறை 2020 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டுத் தனி அமைச்சகம் என்ற நிலையை இழந்தது. அந்நாட்டின் உதவித்தொகை தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 2021இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது, 2027க்குள் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் 2025 ஜூலை முதல் நாளோடு தன் வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்தி, எஞ்சியவற்றை வெளியுறவுத் துறையிடம் ஒப்படைத்தது. இந்த நிதியை நம்பியிருந்த ஆய்வு மையங்களும் ஆலோசனை நிறுவனங்களும் ஆட்களைக் குறைத்துவருகின்றன. அந்த ஆட்களும் உங்களைப் போலவே பல்கலைக்கழகப் பணிகளுக்கு விண்ணப்பிப்பார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு உங்களைவிட நீண்ட கள அனுபவம் உண்டு.

இன்னொரு நுணுக்கம். இளம் ஆய்வாளர்களுக்கான நல்கைகள் பலவற்றில், முனைவர் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கும். நிறுவனத்தில் கழிக்கும் இரண்டாண்டுகள் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவைக்காது. கையில் வெளியீடு இல்லாமல் திரும்பினால், அன்று பட்டம் பெற்று வந்த புதியவரோடும், இரண்டாண்டுகளில் மூன்று கட்டுரைகள் வெளியிட்ட முதுமுனைவரோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

எனவே, நெறியாளர் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம்.

பதில்: திட்ட அறிக்கை

நான் மறுகரையில் இருப்பவன். பல ஆண்டுகளாக மதிப்பீட்டுப் பணியே என் தொழில். அதற்கு முன் நானும் முனைவர் பட்டம் முடித்தவன்தான். நீங்கள் சேரப்போகும் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் முடிவெடுக்க உதவும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் பணி வரையறை என்ற சில பக்க ஆவணத்தில் தொடங்கும். எந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும், எந்தக் காலத்திற்குள், யாரைச் சந்திக்கலாம் என்பதெல்லாம் நீங்கள் வருவதற்கு முன்பே அதில் தீர்மானமாகியிருக்கும். நீங்கள் எழுதும் முதல் வரைவு, திட்டத்தை நடத்திய பிரிவுக்கும் சில நேரங்களில் கடன் பெற்ற அரசுக்கும் கருத்துரைக்காகச் செல்லும். திரும்பி வரும் கருத்துரை வரைவைவிட நீளமாக இருந்தால் வியப்படைய வேண்டாம். ஒருமுறை, கட்டண உயர்வு தள்ளிப்போடப்பட்டதற்குக் காரணம் நிர்வாகத் திறன் குறைவு அன்று, சலுகைக் கட்டணத்தால் பயன்பெறும் தொழில்களின் உரிமையாளர்கள் முடிவெடுக்கும் இடத்திற்கு மிக அருகில் இருந்ததே என்று எழுதியிருந்தேன். மூன்று சுற்றுக் கருத்துரைகளுக்குப் பிறகு அந்த வாக்கியம், "பங்குதாரர்களுடன் கூடுதல் கலந்தாலோசனை விரும்பத்தக்கது" என்று உருமாறியிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

இதைத் தனிமனிதர்களின் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக வங்கியின் ஒப்பந்த விதிகளில் நான்காம் பிரிவின் 10ஆவது உட்பிரிவு, வங்கியும் அதன் அலுவலர்களும் எந்த உறுப்பு நாட்டின் அரசியலிலும் தலையிடக் கூடாது என்றும், பொருளாதாரக் காரணங்களை மட்டுமே கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அரசியல் வெளிப்படையாகத் தெரியும் இடத்திலும் அதற்கு வேறு பெயர் சூட்டியாக வேண்டிய கட்டாயம் அமைப்பிலேயே இருக்கிறது. மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்கூசன் லெசோத்தோவின் தாபா செக்கா வளர்ச்சித் திட்டத்தை ஆராய்ந்து 1990இல் எழுதியதும் இதன் இன்னொரு முகம்தான். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குத் தலைமுறைகளாக ஆள் அனுப்பிவந்த ஒரு நாட்டை, சந்தை தொடாத உழவர் நாடாக ஆவணங்களில் சித்தரித்தால்தான் அங்கே ஒரு வேளாண் திட்டத்திற்கு வேலை இருக்கும் என்று அவர் காட்டினார்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், சேருங்கள் என்றே சொல்வேன். உங்கள் கேள்வி சீர்திருத்தங்கள் ஏன் பாதியில் நிற்கின்றன என்பது. கடன் பெறும் நாட்டின் பக்கத்தை நீங்கள் நேர்காணல்களில் பார்த்திருக்கிறீர்கள். கொடுப்பவரின் பக்கத்தைப் பார்த்ததில்லை. பாதியில் நின்ற சீர்திருத்தத்திற்கும் அடுத்த தவணை ஏன் விடுவிக்கப்படுகிறது? 1992இல் உலக வங்கிக்குள்ளேயே தயாரிக்கப்பட்ட வாப்பன்ஹான்ஸ் அறிக்கை, முடிந்த திட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைவளிக்கவில்லை என்று கண்டறிந்ததோடு, கடனுக்கு ஒப்புதல் பெறுவதையே சாதனையாகக் கருதும் பணிப் பண்பாட்டையும் அதற்குக் காரணமாகச் சுட்டியது. திட்டத்திற்கு ஒப்புதல் வாங்கியவர், அது முடிவதற்குள் வேறு நாட்டுப் பணிக்குப் போய்விடுவார். நிபந்தனையை எழுதுபவருக்கே அது நிறைவேறும் என்ற நம்பிக்கை இருப்பதில்லை. எழுதாவிட்டால் ஒப்புதல் கிடைக்காது என்பதால் எழுதுகிறார். அரசுத் தரப்பிலும் அது தெரியும். இரு தரப்பும் தெரிந்தே ஆடும் இந்த ஆட்டத்தை வெளியிலிருந்து நேர்காணல் எடுப்பவரிடம் எவரும் விளக்கமாட்டார். தேநீர் இடைவேளையில் உடன் வேலை செய்பவரிடம் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்: இறுதியாண்டு ஆய்வாளர்

அனைவருக்கும் நன்றி. நிபந்தனை எழுதுபவரைப் பற்றித் "திட்ட அறிக்கை" அவர்கள் சொன்னது என் நான்காம் இயலில் உள்ள ஓட்டையைச் சரியாகக் காட்டிவிட்டது. கொடுப்பவரின் பக்கம் ஒரே மனத்தோடு இயங்குவதாகவே அதில் எழுதிவைத்திருக்கிறேன். என் இரண்டாவது கேள்வியை, அதாவது எந்தத் துறை என்பதை, எவரும் தொடவில்லையே?

பதில்: வரப்போரம்

அதைத் தொடாமல் விட்டது தற்செயல் இல்லை. எங்களில் பலருக்கும் இன்னும் விடை தெரியாத கேள்வி அது. இருந்தாலும் முயல்கிறேன்.

பன்னாட்டுப் பொருளியலும் பன்னாட்டு உறவுகளும் ஒன்றையொன்று புறக்கணிக்கின்றன என்று சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். பன்னாட்டு அரசியல் பொருளாதாரம் என்ற துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அவர் செய்தியாளராக இருந்து வந்தவர். முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். எலினோர் ஆஸ்ட்ரமுக்குப் போதிய கணிதப் பயிற்சி இல்லை என்று பொருளியல் முனைவர் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலில் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் நிலத்தடி நீரை யார் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1965இல் பட்டம் பெற்றார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியானார். இடையில் 44 ஆண்டுகள். பொதுவளங்களை மக்கள் எப்படிப் பேணுகிறார்கள் என்ற ஒரே கேள்வியை அவர் அத்தனை காலமும் விடவில்லை. முறைகளை மட்டும் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டே போனார். களஆய்வு, ஆய்வகச் சோதனை, ஆட்டக் கோட்பாடு என்று எதையும் அவர் தீண்டத்தகாததாகக் கருதவில்லை.

உங்கள் மூன்று கேள்வியாளர்களில் பொருளியல் துறையினருக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக மதிப்பளியுங்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களை, மக்களைச் சீட்டுக் குலுக்கிக் குழுக்களாகப் பிரித்துச் சோதிக்கும் ஜே-பால் ஆய்வகம் 2003இல் தொடங்கியதிலிருந்து 2019இல் பானர்ஜி, டுஃப்லோ, கிரீமர் ஆகியோர் நோபல் பெற்றது வரையிலான காலத்தில், காரண விளைவை எப்படி நிறுவினாய் என்ற கேள்வி வளர்ச்சி ஆய்வு முழுவதிலும் பரவிவிட்டது. அரசாங்கங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதனை செய்ய இயலாது என்பதால் அந்தக் கேள்வி உங்களுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே நாட்டில் ஒரே அரசின் கீழ் ஒரு மின் பகிர்மான நிறுவனத்தில் சீர்திருத்தம் நடந்தது, பக்கத்திலுள்ளதில் நின்றது என்றால், எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், யாருடைய கையெழுத்து வராமல் நின்றது என்று நிகழ்வுத் தொடரைக் காட்டுவதும் காரணத்தை நிறுவும் முறைதான். அதை அவ்வளவு கறாராகச் செய்ய வேண்டும். நேர்காணல் ஆய்வாளர்களில் பலர் அந்தக் கறாரைத் தவிர்க்கவே பொருளியலாளர்களைத் திட்டுகிறார்கள் என்று எனக்கு ஓர் ஐயம்.

நெடுங்கணக்கு அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பல்கலைக்கழகம், கடன் வழங்கும் நிறுவனம் என்று இரண்டே கரைகள் இருப்பதாக இந்த உரையாடல் போகிறது. பொருளியலாளர் தண்டிக்கா முகண்டவிரேயின் வாழ்க்கை வேறொரு வழியைக் காட்டுகிறது. மலாவியில் செய்தியாளராக இருந்தவர். அதிபர் பண்டாவின் ஆட்சியில் நாடு திரும்ப முடியாமல் சுவீடனில் அடைக்கலம் பெற்றார். பின்னர் டக்காரிலுள்ள கொடேஸ்ரியா என்ற ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தை 1990களின் நடுப்பகுதி வரை வழிநடத்தினார். 1998 முதல் 2009 வரை ஜெனீவாவில் ஐ.நா.வின் சமூக வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். கடனுக்கு நிபந்தனையாக அரசுச் செலவைக் குறைக்கச் சொன்ன கட்டமைப்புச் சீரமைப்பின் உச்ச காலத்தில் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிதியின்றித் தவித்தபோது, ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் தங்கள் கேள்விகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளக் கொடேஸ்ரியா போன்ற அமைப்புகள் இடம் கொடுத்தன. ஆப்பிரிக்காவில் வளர்ச்சிசார் அரசு, அதாவது பொருளாதார வளர்ச்சியை முன்னின்று நடத்தும் அரசு, சாத்தியமே இல்லை என்ற வாதத்தின் அடித்தளத்தை 2001இல் அவர் கேள்விக்குள்ளாக்கியது அந்தப் பின்புலத்திலிருந்துதான். லண்டன் பொருளியல் பள்ளி அவரை ஆப்பிரிக்க வளர்ச்சிக்கான முதல் பேராசிரியராக அமர்த்தியபோது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. பணித்தேர்வுக் குழுக்களின் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் அதுவரை அவர் வெளியே இருந்தவர். அவர் அப்படி நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, துறை என்பதை உங்கள் அடையாளமாகக் கொள்ளாமல் அனுப்பும் முகவரியாகக் கொள்ளுங்கள். முதல் கட்டுரையை ஒரே முகவரிக்கு, அந்த வீட்டு மொழியில் எழுதுங்கள். மூன்று வீட்டாரையும் ஒரே கட்டுரையில் மகிழ்விக்க முயன்றால் மூன்று மதிப்பீட்டாளர்களும் மறுப்பார்கள்.

பதில்: இரண்டாம் மதிப்பீட்டாளர்

நான் ஒருவனே போதும், மற்ற இருவர் தேவையில்லை. ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன்: ஒப்பந்தத்தில் வெளியீட்டு உரிமையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி கேட்டவர்: இறுதியாண்டு ஆய்வாளர்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பணிக்காலத்தில் உருவாகும், பயன்படுத்தப்படும் தரவுகளும் ஆவணங்களும் நிறுவனத்தின் உடைமை என்றும், எழுத்துவழி முன் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்றும் இருக்கிறது. "பயன்படுத்தப்படும்" என்ற சொல்லில் என் நேர்காணல்களும் அடங்குமா?

பதில்: திட்ட அறிக்கை

அடங்கும் என்று வாதிட இடமிருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன், நீங்கள் ஏற்கெனவே சேகரித்த தரவுகளின் பட்டியலை இணைப்பாகச் சேர்த்து, அவை இவ்விதிக்கு உட்படாது என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். இது வழக்கமான கோரிக்கைதான். கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் தருவார்கள், கேட்காதவர்களுக்குத் தாமாகத் தரமாட்டார்கள். முன் அனுமதி விதியில், விண்ணப்பித்து இத்தனை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற வாசகத்தையும் கேட்டுப் பாருங்கள். நான் மறுப்பால் இழந்ததைவிட மௌனத்தால் இழந்த கட்டுரைகளே அதிகம்.

பதில்: நெடுங்கணக்கு

அந்த ஒரு வரி கிடைக்காவிட்டால் சேர வேண்டாம்; ஊதியம் மூன்று மடங்கானாலும் வேண்டாம். இதில் உங்கள் உரிமை மட்டும் அடங்கியிருக்கவில்லை. அந்தப் பொறியாளர்களும் தொழிற்சங்கத்தினரும் ஒரு முனைவர் பட்ட மாணவரிடம், கல்வி ஆய்வுக்கு மட்டுமே பயன்படும் என்ற ஒப்புதலின் பேரில் பேசினார்கள். அவர்களுடைய அரசுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணினியில் அந்தப் பேச்சு போய்ச் சேர அவர்கள் ஒப்பவில்லை. வரி கிடைத்துச் சேர்ந்தாலும், ஒலிப்பதிவுகளையும் பெயர்ப் பட்டியலையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பிலேயே விட்டுச் செல்லுங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒருநாளும் திறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: இறுதியாண்டு ஆய்வாளர்

ஒப்புதல் படிவத்தை மீண்டும் படித்தேன். நீங்கள் சொன்னபடியே "கல்வி ஆய்வுக்கு மட்டும்" என்று என் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது. இணைப்பைக் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். முதுமுனைவர் பணிக்குப் பதில் சொல்ல இன்னும் பன்னிரண்டு நாட்கள் அவகாசம் இருக்கிறது. நிறுவனத்தின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.